குனிந்து கெடுத்த சனம்

விசில் ஊதியதும் எல்லோரும் எழும்பினார்கள். எழும்பிய கையோடு எல்லோரும் குனிந்தார்கள்.

இடம், மொன்றியலுக்குப் பக்கத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு பழைய பண்டகசாலை. அதற்குள்ளே இரும்புச் சட்டத்தில் பலகை அடித்துக் கட்டிய சில படி வரிசைகள். அந்த வரிசைகளில் எங்கள் தேவாலயப் பங்குச் சனம். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேடை. மேடையில், சக்கர நாற்காலியில், என் அண்ணன் சேவியர். அவருடைய காதுக்குப் பக்கத்தில், அவர் கண்ணின் உயரத்துக்குச் சரியாகப் பூட்டிய ஒரு கமெரா.

சனத்துக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: உதைபந்தாட்டத்தில் கோல் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழும்பி நின்று கை தட்ட வேண்டும். கை தட்டத்தான் செய்தார்கள். ஆனால் அண்ணைக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும், பூசைக்குப் பிந்தி வந்து முன் வாங்குக்குப் போகிறவர்களைப் போல, இடுப்பை வளைத்து, தோளை ஒடுக்கி, தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு தட்டினார்கள். எங்கள் பங்கிலேயே உயரமான மனிதர் லூயிஸ் மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். அவர் முழங்காலையும் மடித்து, ஏறக்குறைய மண்டியிட்ட கோலத்தில் நின்று தட்டினார்.

கமெராவின் சின்னத் திரையில், புல்தரையின் ஓரக் கோடு என்று எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளை நாடா ஒரு தலைகூட மறைக்காமல் முழுசாகத் தெரிந்தது. என் மேலதிகாரி இஸபெல் அதைப் பார்த்துவிட்டு ‘பர்ஃபே’ என்றார். பிரெஞ்சில் அதற்கு மேல் ஒரு பாராட்டுக் கிடையாது. ஆனால் அவர் முகம் ஏனோ வாடிப்போயிருந்தது.

அண்ணை தொப்பியைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினார். அவர் தொப்பியைச் சுருட்டினால் ஏதோ பிழை என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கூரை இருக்கோ?

நான் விளையாட்டரங்கு வரைகிறவள் என்று சொன்னால் மொன்றியலில் யாரும் முதலில் கேட்பது, கூரை இருக்குமா என்றுதான். பனி இந்த ஊர்க்காரரை அப்படி ஆக்கிவைத்திருக்கிறது. எங்கள் சனம் கேட்பது வேறு. கார் விட இடம் இருக்குமோ, சாப்பாடு உள்ளே கொண்டுபோக விடுவாங்களோ என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நான் மழுப்பலாகத்தான் பதில் சொல்வேன். அதனால் நான் உண்மையிலேயே அரங்கு கட்டுகிறேனா என்று எங்கள் சனம் நிறைய இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் பலருக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அவர்கள் சந்தேகத்திலும் ஞாயம் இருக்கிறது. முழு அரங்கையும் நான் வரைவதில்லை. கூரைக்கு ஒரு கூட்டம், விளக்குக்கு ஒரு கூட்டம், புல்லுக்கென்றே படித்த ஒருத்தர் இருக்கிறார். நான் இருக்கைகளை வரைகிற குழுவில் ஒருத்தி. கதிரையில் இருக்கிற மனிதருக்கு முன்னால் இருக்கிறவரின் தலை மறைக்காமல் ஆட்டம் தெரிய வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

அதை இப்படிச் செய்வோம். கணினியில் ஒருவரின் கண்ணிலிருந்து ஒரு கோடு இழுப்போம். அது முன்னால் இருப்பவரின் உச்சந்தலைக்கு மேலால் போய், புல்தரையின் ஓரக் கோட்டைத் தொட வேண்டும். தொட்டால் படி சரி. தலையில் முட்டினால் படியை உயர்த்த வேண்டும். ஆனால் கண்டபாட்டுக்கு உயர்த்திக்கொண்டு போகவும் முடியாது. பிறகு மேல் தட்டில் இருக்கிறவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டிவரும். இந்த இழுபறியில்தான் என் தலைமயிர் நரைத்தது.

இந்தத் தொழில் மனிதரின் புத்தியைக் கொஞ்சம் கெடுத்துவிடும். கல்யாண வீட்டில் மற்றப் பெண்கள் கொண்டையில் வைத்த பூவைப் பார்ப்பார்கள். நான் கொண்டையின் உயரத்தைப் பார்ப்பேன். நத்தார் பூசையில் எனக்கு முன்னால் யார் குல்லாய் போட்டுக்கொண்டு வந்தார் என்பது ஞாபகம் இருக்கும், சுவாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்பது ஞாபகம் இராது. ஒருமுறை இஸபெலிடம், தலை உயரக் கணக்கில் தமிழ்க் கொண்டைக்கென்று கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

மேடைச் சண்டை

அந்தக் காலத்தில் நாங்கள் வரைந்துகொண்டிருந்தது நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் எழும்பவிருந்த ஒரு புதிய அரங்கு. உதைபந்தாட்டத்துக்கென்றே கட்டுவது. அதில் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான மேடை.

எல்லோரும் இருந்து பார்க்கும்வரைக்கும் கரைச்சல் இல்லை. கோல் விழுந்தால்தான் கரைச்சல். முன் வரிசை எழும்பி நிற்கும். பின்னால் மற்றவர்களும் எழும்பிப் பார்த்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிறவர் எழும்புவது எப்படி? ஆட்டத்தில் பார்க்க வேண்டிய அந்த ஒரேயொரு கணத்தில் அவருக்குத் தெரிவது முன்னால் நிற்கிறவரின் காற்சட்டைப் பொக்கற் மட்டும்தான்.

இஸபெல் அந்த மேடையை நன்றாக உயர்த்தி வரைந்திருந்தார். முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலாலே பார்க்கலாம். முதலாளி தரப்பில் ஒரு மனிதர் வருவார். எப்போதும் வாயில் ஒரு மின்ற் மிட்டாய் உருண்டுகொண்டிருக்கும். அவருக்கு அந்த உயரம் பிடிக்கவில்லை. மேடை உயர்ந்தால் அதற்கு முன்னால் உள்ள ஒரு வரிசை இருக்கை முழுதாகப் போய்விடும். அரங்கிலேயே நல்ல இடம் அது. வழமையான உயரமே போதும் என்று அவர் நின்றார். போதாது என்று இஸபெல் நின்றார்.

கடைசியில், வாய்ச்சண்டை வேண்டாம், கட்டியே பார்த்துவிடுவோம் என்று முடிவானது. தாழ்ந்த மேடையை அசல் அளவில் பலகையில் கட்டுவது. முன்னால் ஆட்களை எழுப்பி விடுவது. மேடையிலிருந்து கோடு தெரிந்தால் அது அப்படியே இருக்கும். தெரியாவிட்டால் உயர்த்துவது. கொங்கிறீற் படிகளைத் தொழிற்சாலையில் வார்த்து, கொண்டுவந்து அடுக்குவார்கள். அவர்கள் எங்கள் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கொங்கிறீற்றை ஒருமுறை வார்த்தால் வார்த்ததுதான். எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்திலும் அந்த மேடை அந்த உயரத்தில்தான் இருக்கும்.

முதலில் அலுவலகத்துப் பயிற்சி மாணவர்களை நிறுத்திப் பார்த்தோம். எல்லோரும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே உயரம். முடிவு இரண்டும்கெட்டானாக வந்தது. இஸபெல் சலித்துப்போய், எனக்குக் குடும்பங்கள் வேண்டும், கிழவர் குழந்தை எல்லாம் கலந்த உண்மையான சனம் வேண்டும் என்றார்.

சனமா? எங்களிடம் இல்லாத சனமா? நான்தான் வாயைக் கொடுத்தேன்.

அண்ணை

சேவியர் அண்ணை இளந்தாரியாக இருந்தபோது எங்கள் ஊர்க் கழகத்துக்குக் கோல் காத்தவர். நன்றாகக் காத்தாரா என்று கேட்காதீர்கள். அவர் சொல்லும் கதையில் அவர் விட்ட கோல் ஒன்றுகூடக் கிடையாது. அவரோடு விளையாடியவர்கள் சொல்லும் கதை சற்று வேறு. எப்படியோ, பந்து என்றால் அவருக்கு உயிர். மொன்றியலுக்கு வந்த பிறகும் எந்தப் பூங்காவில் யார் பந்தடித்தாலும் போய் ஓரத்தில் நின்று, தெரியாத பெடியளுக்குத் தமிழில் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார்.

சலரோகம், அந்த நீரிழிவு வருத்தம், முதலில் ஒரு காலை எடுத்தது. பிறகு மற்றதையும் எடுத்தது. அப்போது அண்ணை குடும்பம் பார்க் எக்ஸ்டென்ஷனில் மேல்மாடியில் இருந்தது. இந்த ஊர் வீடுகளின் வெளியே வளைந்து இறங்குமே இரும்புப் படி, அதுதான் வழி. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அக்கம்பக்கத்தார் நாலு பேர் கூடித் தூக்குவார்கள். அண்ணை பகிடி விட்டுக்கொண்டே இறங்குவார். வான் வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தியதும் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொள்வார். பிறகு கோட்-டெ-நெய்ஜில் லிஃப்ட் உள்ள கட்டடம் ஒன்றில் வீடு கிடைத்தது. மேரி மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, அதற்காக ஒரு நேர்த்திக்கடன் வைத்து நிறைவேற்றினார்.

நாற்காலிக்கு வந்த பிறகு அண்ணை ஒரேயொரு தரம்தான் நேரில் ஆட்டம் பார்க்கப் போனார். வேறு ஊரில், ஒரு சின்ன மைதானம். நல்ல மனிதர்களுக்கு நடுவில்தான் இருந்திருக்கிறார். முன்னால் இருந்தவர்கள் எழும்பும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள், குனிந்திருக்கிறார்கள், விலகியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது.

“நான் பந்தடி பாக்கப் போனனான். அங்க எல்லாரும் எனக்குக் கும்பிடு போட்டுக்கொண்டெல்லே நிக்கினம்.”

அதற்குப் பிறகு அவர் போகவில்லை. ரீவி போதும் என்றுவிட்டார். எனக்கு அது பெரிய மனக்குறை. தங்கச்சி அரங்கு வரைகிறாள், அண்ணன் ரீவிக்கு முன்னால் இருக்கிறார். அந்த மேடை மட்டும் சரியாக அமைந்துவிட்டால் அவரை எப்படியும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணைக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சோதனைக்கு வாறீங்களோ என்று கேட்டதும், உன்ர பலகையை வந்து பாப்பம் என்று மட்டும் சொன்னார்.

தமிழ்ச் சனத்தை இருத்துவது எப்படி

அந்தச் சனிக்கிழமை ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். மேரி மச்சாள் இரண்டு பெரிய பெட்டி றோல்ஸ் பலகாரத்தோடு இறங்கினார். நான் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சொன்னதால்தான் இரண்டு பெட்டி. சொல்லாவிட்டால் நாலு வந்திருக்கும்.

முதல் தலைவலி, முன் வரிசை. யாரும் அதில் இருக்க மாட்டோம் என்றார்கள். எங்கள் விழாக்களில் முன் வரிசை பிரமுகர்களுக்கானது. அது கடைசிவரை வெறுமையாகக் கிடக்கும், சனம் பின் கதவோடு நெருங்கிக்கொண்டு நிற்கும். இங்கே பிரமுகர் யாரும் வரவில்லை என்று நான் தொண்டை கிழியக் கத்திய பிறகு, லூயிஸ் மாஸ்டர் தியாகம் செய்கிறவர் மாதிரி முன்னுக்குப் போய் இருந்தார். அடுத்த தலைவலி, கைப்பைகள். பிந்தி வரும் தங்கள் தங்கள் மச்சாள்மாருக்கும் அவர்களின் மகள்மாருக்கும் என்று நடுவில் அரைவாசிக் கதிரைகளில் பைகள் இருந்தன. இஸபெல் தலையைச் சொறிந்துகொண்டு, பைகளையும் உயரக் கணக்கில் சேர்ப்பதா என்று கேட்டார். இந்த முறை பகிடி விட்டது அவர்.

ஒருவழியாக எல்லோரையும் இருத்தி, விசில் ஊதினோம். ஊதியதும் நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

இரண்டாம் விசில், மூன்றாம் விசில்

தொப்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த அண்ணை என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“றெஜி, உது பிழை. உவை எனக்காகக் குனியினம்.”

எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. இஸபெலிடம் போய் விளக்கினேன். மரியாதை என்றேன், பழக்கம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கடைசியில் அவர் முன்னால் நானே இடுப்பை வளைத்துத் தலையைச் சரித்து நின்று காட்டினேன். அவர் பதறிப்போய், முதுகு பிடித்துக்கொண்டதா என்று கேட்டார். சற்றுப் பொறுத்துத் திரையை மறுபடி ஓட்டிப் பார்த்தார். வரிசை முழுக்க வளைந்த முதுகுகள். அப்போதுதான் விளங்கியது. வாடியிருந்த முகம் வெளித்தது.

மின்ற் மனிதருக்கோ ஒரே சந்தோசம். சனம் இவ்வளவு நல்லதாக இருந்தால் மேடையை எதற்கு உயர்த்த வேண்டும் என்று கேட்டார். எல்லா நாளும் இப்படிக் குனிவார்களா என்று இஸபெல் கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார்.

இரண்டாம் தரம் விசில் ஊதுவதற்கு முன் நான் படியில் ஏறி நின்று, ஒருத்தரும் குனியக்கூடாது, நேரே நிற்க வேண்டும், அண்ணைக்கு மறைத்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம் என்று தெளிவாகச் சொன்னேன். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். விசில் ஊதியது. எழும்பினார்கள், நேரே நின்றார்கள். ஒரு மூச்சு விடுவதற்குள் வரிசை நடுவாலே பிரிந்து, இரண்டு பக்கமும் ஒதுங்கிவிட்டது. அண்ணைக்கு முன்னால் ஒரு தேர் போகக்கூடிய அளவுக்கு இடைவெளி. கமெராவில் வெள்ளை நாடா முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

நான் லூயிஸ் மாஸ்டரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏலாத மனுசன் ஒருத்தர் பின்னால இருக்கேக்க, முன்னால மரம் மாதிரி நிக்கச் சொல்லுறியோ பிள்ளை? எனக்கு உது வராது.”

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சொல் அண்ணையின் காதில் விழுந்திருந்தது. அவர் தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூயிஸ் மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பண்டகசாலையில் அன்றைக்குக் கெட்ட மனிதர் ஒருவர்கூட இல்லை. அதுதான் எங்கள் பிரச்சினை.

மூன்றாம் தரம் அண்ணையை நாற்காலியோடு வெளியே கொண்டுபோய், கமெராவை மட்டும் ஒரு கம்பியில் நிறுத்தினோம். இப்போதாவது நேரே நிற்பார்கள் என்று பார்த்தால், அது சேவியரின் கண் என்று யாரோ காதுக்குள் சொல்லிவிட்டார்கள். கமெராவுக்கும் குனிந்தார்கள்.

மின்ற் மனிதர் நேரத்தைப் பார்த்தார். தாழ்ந்த மேடை தேறிவிட்டது என்று எழுதிக்கொள்வோம் என்றார். இஸபெல் மன்றாடி அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தவணை வாங்கினார். அதற்கு மேல் தொழிற்சாலை பொறுக்காது. நான் பசியே இல்லாமல் ஒரு றோல்ஸைக் கடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அண்ணையின் சூழ்ச்சி

திரும்பி வரும்போது வான் வண்டியில் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார்.

“விசில் ஊதினா எங்கட சனத்துக்கு மரியாதைதான் வரும். பந்து உருண்டாத்தான் உந்த மரியாதை ஓடும்.”

அடுத்த சனிக்கிழமை நாங்கள் பிறந்த ஊரில் பந்தடிப் பைனல். எங்கள் ஊர்க் கழகத்துக்கும் பக்கத்து ஊர்க் கழகத்துக்கும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சின்ன ஒழுங்கைப் பாதைதான். அந்த ஒழுங்கைக்கு இந்தப் பக்கத்துப் பெண்ணை அந்தப் பக்கம் கொடுப்பதற்கு முன், மாப்பிள்ளை எந்தக் கழகத்துக்கு விசிலடிக்கிறார் என்று விசாரிப்பார்கள். மொன்றியலில் எங்கள் பங்கில் பாதிப் பேர் இந்த ஊர், பாதிப் பேர் அந்த ஊர். பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுத்துக்கொள்வார்கள். பந்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்தச் சமாதானம் அதோடு சரி.

மைதானத்தில் எங்கள் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருப்பான், அவன் போனில் நேரடியாக அனுப்புவான், அதைப் பண்டகசாலையில் பெரிய வெள்ளைச் சீலையில் படமாக விழுத்துவோம் என்பது அண்ணையின் திட்டம். சனத்துக்குச் சோதனை என்று மூச்சே விடக்கூடாது. பைனல் பார்க்க வாருங்கள், அவ்வளவுதான்.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். இரண்டு சந்தி தாண்டிய பிறகுதான் உறைத்தது. எங்கள் கழகம் பைனலுக்கு வந்து எவ்வளவோ காலம். அண்ணை அரையிறுதி முடிந்த நாளிலிருந்து நித்திரை இல்லாமல் இருந்தார்.

“உங்களுக்கு மறைக்குமே அண்ணை. பைனல் எல்லே.”

“மறைக்க வேணும் எண்டுதானே செய்யிறம்” என்றார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

பைனல்

ஊரில் பின்னேரம் என்றால் எங்களுக்கு விடியக்காலை. அந்த நேரத்திலும் பஸ் நிறைந்து வந்தது. பாதிப் பேர் ஒரு நிறம், பாதிப் பேர் மற்ற நிறம். றோல்ஸ் பெட்டி இரண்டு. வெள்ளை நாடா ஒட்டியிருந்த அதே இடத்தில், அதே உயரத்தில் சீலையைக் கட்டியிருந்தோம். முன் வரிசைக்கு இந்த முறை தள்ளுமுள்ளு. லூயிஸ் மாஸ்டரோ எல்லோருக்கும் முந்தி ஓடிப்போய், உயரமான கடைசி வரிசையில், மேடைக்கு நேர் முன்னால் இடம் பிடித்தார். அவர் பக்கத்து ஊர்க்காரர்.

அண்ணை மேடையில். காதுக்குப் பக்கத்தில் கமெரா. அது என்னத்துக்கு என்று மேரி மச்சாள் கேட்டதற்கு, ஞாபகத்துக்கு என்று நான் சொன்னேன். பொய்யென்றும் சொல்ல முடியாது.

தொடங்கிய கொஞ்ச நேரத்துக்கு மரியாதை இருந்தது. எழும்பியவர்கள் திரும்பிப் பார்த்து, சேவியர், தெரியுதோ என்று கேட்டுவிட்டு மறுபடி கதிரையில் இருந்தார்கள். நானும் இஸபெலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எங்கள் பெடியன் ஒருவனை அவர்கள் பெடியன் காலை வைத்து விழுத்தினான். மத்தியஸ்தர் கண்டுகொள்ளவில்லை. அதோடு மரியாதை கதவைத் திறந்துகொண்டு போய்விட்டது. சுவாமியார் வந்திருந்தால் அவர் காது கேட்கக்கூடாத சொற்களெல்லாம் வெளியே வந்தன. மேரி மச்சாள் கீழ் வரிசையில் ஒரு கதிரையில் ஏறி நின்றார்.

கடைசி நிமிடங்கள். இன்னும் ஒரு கோலும் இல்லை. மூலையிலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. வந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் பண்டகசாலையே எழும்பியது. பலகைப் படிகள் ஆடின. யாரோ யாரையோ கட்டிப் பிடித்தார்கள், யாரோ தலையில் கை வைத்தார்கள். நான் கமெராத் திரையைப் பார்த்தேன். லூயிஸ் மாஸ்டரின் முதுகு. அதற்குப் பக்கத்தில் மேரி மச்சாளின் கொண்டை. அவ்வளவுதான். சீலையும் இல்லை, பந்தும் இல்லை, கோடும் இல்லை.

“ஆர் அடிச்சது?” என்று அண்ணை கத்தினார். ஒருவரும் திரும்பவில்லை. “டேய், ஆரடா அடிச்சது?”

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நான் ஓடிப்போய்ச் சொல்ல வாயெடுத்தேன், அண்ணையின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலிக்கு வந்த பிறகு நான் பார்த்திராத சிரிப்பு. அவரை அந்த நிமிடம் ஒருவரும் பாவம் பார்க்கவில்லை, விலகவில்லை, அவர் இருப்பதையே மறந்துவிட்டார்கள். அதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். இஸபெல் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

கோல் அடித்தது எங்கள் கழகம்தான். அதையாவது திரும்பப் போட்டு அண்ணைக்குக் காட்டலாம் என்று பார்த்தால், அங்கே போனைப் பிடித்திருந்த ஒன்றுவிட்ட தம்பியும் அந்த நேரம் துள்ளிக் குதித்திருக்கிறான். பதிவில் இருப்பது வானமும் ஒரு தென்னை ஓலையும் மட்டும். எங்கள் ஊர் கோப்பை எடுத்த அந்தக் கோலை அண்ணை இன்றுவரை பார்த்ததில்லை.

மின்ற் மனிதர் திங்கட்கிழமை வந்து அந்தப் பதிவைப் பார்த்தார். லூயிஸ் மாஸ்டரின் முதுகை நெடுநேரம் பார்த்தார். எவ்வளவு நேரம் இப்படி நின்றார்கள் என்று கேட்டார். பஸ் வந்து கூப்பிடும்வரைக்கும் என்று இஸபெல் சொன்னார். மிட்டாய் வாயில் உருள்வது நின்றது. மேடை உயர்ந்தது. முன்னாலிருந்த வரிசை போனது.

லூயிஸ் மாஸ்டர், தான் மறைத்த விசயம் பிறகு தெரிந்து, அண்ணை வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். அண்ணை அவரைத் தேத்தண்ணி குடிக்காமல் போக விடவில்லை.

திறந்த பிறகு

அரங்கு திறந்து நடந்த முதல் ஆட்டத்துக்கு அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். கூரை பாதிதான், கார் விட இடம் தூரத்தில், சாப்பாடு உள்ளே விடவில்லை. மேரி மச்சாள் வாசலில் நின்று அரைமணி நேரம் வாதாடித் தோற்றார். பிறகு அண்ணைக்குப் பக்கத்தில் துணைக்கு இருந்தார். நான் வேண்டுமென்றே அவர்களுக்கு நேர் முன்னால், கீழ் வரிசையில் இடம் எடுத்திருந்தேன். நான் வரைந்ததை நானே பார்க்க வேண்டாமோ?

ஆட்டம் பெரிய சிறப்பில்லை. அண்ணை பின்னாலிருந்து கோல்காப்பாளருக்குத் தமிழில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

பிறகு ஒரு கோல் விழுந்தது. ஆயிரக்கணக்கான சனம் ஒரேயடியாக எழும்பியது. நானும் எழும்பினேன். எழும்பிய கையோடு, என்னை அறியாமலே, இடுப்பை வளைத்து, தோளை ஒடுக்கி, தலையை ஒரு பக்கம் சரித்தேன்.

முதுகில் சுருட்டிய தொப்பியால் ஒரு குத்து விழுந்தது.

“நிமிந்து நில்லடி, றெஜி” என்றார் அண்ணை. “எனக்கு எல்லாம் தெரியுது.”